ஒலீட்டாவின் பீன்ஸ் ஜாடிகள்

பள்ளிக்கூடச் சமையலறையில் பதினேழாவது ஜாடியின் மூடியை ஒலீட்டா நெம்பியபோது எழுந்த ‘டப்’ சத்தத்துக்குப் பாதிக் கென்டக்கியே தூக்கம் கலைந்து உட்கார்ந்திருக்கும். அப்படியொரு இறுக்கம். பீன்ஸை அண்டாவில் கவிழ்த்து, உப்புப் பன்றிக்கறித் துண்டுகளைப் போட்டாள். வெள்ளம் பாலத்தை அடித்துக்கொண்டு போய் நான்கு நாள். பள்ளிக்கூடத்துக்குச் சாமான் கொண்டுவரும் லாரி அக்கரையிலேயே நின்றுவிட்டது. இக்கரையில் அறுபத்திரண்டு பிள்ளைகள். முந்தாநாளிலிருந்து அவர்களுக்கு மதியச் சோறு போட்டது ஒலீட்டா வீட்டு நிலவறைதான்.

லாரி வரமுடியாத இடத்துக்குச் சுகாதார அதிகாரி வந்து சேர்ந்தாள். ரயில் தண்டவாளத்தின் மேல் நடந்தே வந்திருக்கிறாள். இடுப்பு வரை சேறு. கையிலிருந்த கோப்பில் மட்டும் ஒரு சொட்டு ஈரமில்லை.

“யாரும்மா இதெல்லாம் அடைச்சது?”

“நான்தான் மேடம். போன ஆகஸ்ட்ல.”

“எவ்வளவு நேரம் வேக வெச்ச?”

“பிரஷர்ல பதினோரு ராத்தல் வெச்சு, இருபத்தஞ்சு நிமிஷம். தூக்கத்துல எழுப்பிக் கேட்டாலும் சொல்லுவேன். இங்க மறுபடியும் பத்து நிமிஷம் கொதிக்க வெச்சுத்தான் போடுறேன்.”

“இந்தக் காலத்துல இது எதுக்கும்மா? கடையில டப்பா டப்பாவா அடுக்கி வெச்சிருக்கானே.”

“கடை எந்தக் கரையில இருக்கு மேடம்?”

கூடச் சமைக்கும் டெல்லா களுக்கென்று சிரித்துவிட்டு இருமுவதுபோல் பாவனை செய்தாள். அதிகாரி சிரிக்கவில்லை.

“எல்லாமே பிரஷர்ல வெச்சதுதானா? ஒண்ணு விடாம? வெறும் கொதி தண்ணியில பீன்ஸோட விஷக்கிருமி சாகாதும்மா.”

கரண்டி நின்றது. ‘ஆமாம்’ என்றால் போதும், கதை முடிந்தது. பத்தொன்பது வருஷ வேலை. சுரங்கத் தூசி தின்ற நுரையீரலோடு வீட்டில் கிடக்கும் கணவன் ஆர்லியின் ஆக்சிஜன் உருளைகூட இந்த வேலையின் காப்பீட்டில்தான் வருகிறது. ஆனால் எதிரே அடுக்கியிருந்தவை பிள்ளைகளின் தட்டுகள்.

“கடைசி நாள்ல பிரஷர் குக்கர் மீட்டர் உடைஞ்சு போச்சு. ஏழு ஜாடிய மட்டும் எங்கம்மா வெக்கிற மாதிரி, துணி துவைக்கிற தகரத் தொட்டித் தண்ணியில மூணு மணி நேரம் கொதிக்க வெச்சேன்.”

“ஏய், வாய மூடுடி,” என்று டெல்லா பல்லைக் கடித்தாள்.

“அதுல ஒண்ணுகூட இங்க வரல மேடம். செவப்பு நூல் கட்டி வீட்லயே வெச்சிருக்கேன்.”

அதிகாரி ஒரு ஜாடியைத் தூக்கி மூடியைப் பார்த்தாள். வருஷம் மட்டும் எழுதியிருந்தது. இந்த மலைப்பள்ளத்தில் அதற்குமேல் எவரும் எழுதுவதில்லை. யார் எந்தக் கிழமை என்ன அடைத்தார்கள் என்பது பக்கத்து வீட்டு நாய்க்குக்கூடத் தெரியும்.

“எது எதுன்னு நான் எப்படி நம்புறது?”

“நான் சொல்றேனே.”

“நீ சொல்றத எழுத இந்த ஃபாரத்துல எடமில்லம்மா.”

மிச்சமிருந்த இருபத்து மூன்று ஜாடிகளையும் அண்டாவையும் ஒலீட்டாவே பின்பக்கக் குழியில் கவிழ்க்க வேண்டியிருந்தது. மேலே ப்ளீச் ஊற்றியதும் அவளே. பிறகு ஏப்ரனைக் கழற்றிக் கொடுத்துவிட்டு, வேலையிலிருந்து நிறுத்தும் தாளில் அதிகாரி விரல் வைத்த இடத்தில் கையெழுத்துப் போட்டாள்.

மணி அடித்தது. வரிசையில் முதலில் நின்ற சிறுமி தட்டை நீட்டினாள். டெல்லா அதில் இரண்டு உப்பு பிஸ்கட்டை வைத்தாள். சிறுமி நகரவில்லை. தட்டை நீட்டியபடியே, ஜன்னலுக்கு வெளியே குழியிலிருந்து எழுந்துகொண்டிருந்த ஆவியைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.