நாற்பது புருவங்கள்

மூத்தவளுக்கு வாய், இளையவளுக்குக் கை. அந்த வீட்டுக்கு வாழ்க்கைப்பட்டு வந்த இரண்டு மருமகள்களையும் தெருவில் அப்படித்தான் சொல்வார்கள். மூத்தவள் துணி வெட்டிப் பஞ்சு அடைத்துப் பொம்மையாக்குவாள், வாசல் அறையில் உட்கார்ந்து விற்பாள். முகம் தைப்பது இளையவள்.

இளையவள் அதற்குமுன் சீருடைத் தொழிற்சாலையில் காலர் தைத்தவள். சம்பளமில்லாத விடுப்பில் வீட்டுக்கு வந்திருந்தாள். திங்கட்கிழமை திரும்பிப் போகாவிட்டால் அவளுடைய மெஷினில் வேறொருத்தி உட்காருவாள். போகவேண்டுமே என்று நினைத்தாலே அவளுக்குக் கசந்தது. அங்கே மேற்பார்வையாளர் ஒவ்வொரு காலரையும் ஸ்கேல் வைத்து அளப்பார். கழிப்பறைக்கு எழுந்தால்கூடக் கடிகாரத்தைப் பார்ப்பார். இங்கே ஜன்னலோரம் உட்கார்ந்து, ஒரு பஞ்சு உருண்டைக்குக் கண் வைத்து, அது தன்னையே திரும்பிப் பார்ப்பதைக் கண்ட பிறகு யாருக்குத்தான் காலர் தைக்க மனசு வரும்?

வழி ஒன்று இருந்தது. ஊரிலேயே பெரிய பொம்மைக் கடைக்காரி சனிக்கிழமை வந்து பார்ப்பதாகச் சொல்லியிருந்தாள். அவள் தன் கடையில் ஓர் அலமாரி ஒதுக்கினால் இளையவள் இங்கேயே இருக்கலாம். ஒதுக்காவிட்டால் காலர்தான்.

பஞ்சு அடைத்த துணி சொன்ன பேச்சைக் கேட்காது. நூலை ஒரு மயிரிழை கூடுதலாக இழுத்தால் கன்னம் சுருங்கும். இளையவள் நேராகத்தான் தைப்பாள். முகம் தன் இஷ்டத்துக்கு வரும். ஒன்று அசடு வழியும், இன்னொன்று தூக்கத்தில் சொக்கும். ஒரு தடவை ஒரு பொம்மைக்கு இடது புருவம் மட்டும் மேலே ஏறிக்கொண்டது, 'அப்படியா சங்கதி?' என்று கேட்பதுபோல. வெட்கப்பட்டுக்கொண்டு அதைப் பின்வரிசையில் ஒளித்து வைத்தாள். பஸ் ஓட்டுநர் ஒருவர் வந்து அதைத்தான் தோண்டி எடுத்தார்.

"அச்சு அசல் எங்க மாமியார்," என்று சிரித்தபடியே வாங்கிப் போனார். மறுநாள் அவருடைய கூட்டாளிகள் இருவர் வந்து அதே புருவத்தைக் கேட்டார்கள்.

மூத்தவளுக்கு அது போதாதா? "பாத்தியா, கோணல்தான் ஓடுது. கடைக்காரம்மா வர்றதுக்குள்ள எல்லாத்துக்கும் அந்தப் புருவத்தையே போட்டுடு."

"அது தானா வந்தது, அக்கா."

"தானா வந்ததை நீ வரவழைக்க மாட்டியா? உன் கைக்குத் தெரியாததா?"

புகழ்ந்தால் மயங்காத ஆள் உண்டா? இளையவளும் மயங்கினாள். அட்டையில் அந்தப் புருவத்தை வரைந்து வெட்டிக்கொண்டாள். பஞ்சு விளையாட்டுக் காட்டக்கூடாது என்று, அடைப்பதற்கு முன்பே, துணி தட்டையாக இருக்கும்போதே முகத்தைத் தைத்து முடித்தாள். நாற்பது பொம்மைகள். கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு தேடினாலும் ஒன்றுக்கொன்று வித்தியாசம் அகப்படாது. அவளுக்குப் பெருமை பிடிபடவில்லை.

சனிக்கிழமை வந்தது. கடைக்காரி வாசல் அறைக்குள் ஓர் அடி வைத்தவள் அப்படியே நின்றுவிட்டாள். மூன்று சுவரிலும் நாற்பது பொம்மைகள், நாற்பது இடது புருவங்கள். பாவம், கைப்பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டாள்.

"நான் என்னம்மா தப்பு பண்ணேன்?" என்றாள்.

மூத்தவள் சிரித்து மழுப்பினாள். கடைக்காரி சிரிக்கவில்லை. ஒரு பொம்மையை எடுத்தாள், பக்கத்தில் இன்னொன்றைப் பிடித்துப் பார்த்தாள், இரண்டையும் கீழே வைத்தாள்.

"ஒரு பொம்மை இப்படிப் பாத்தா குறும்பு. நாப்பதும் பாத்தா விசாரணைக் கமிஷன். மெஷின்ல போட்டதா?"

இளையவளின் முகத்தில் ஈயாடவில்லை. "கையாலதாங்க."

"கையால மெஷின் மாதிரி போடுறதுக்கு மெஷினே போதுமேம்மா. அந்தச் சரக்கு என்கிட்ட மூட்டை மூட்டையா கிடக்கு."

கிணறு வெட்டப் பூதம் புறப்பட்ட கதைதான். வாய் உள்ள பிள்ளை பிழைக்கும் என்பார்கள். அன்றைக்கு மூத்தவளின் வாய்கூட உதவவில்லை. கடைக்காரி கதவுப் பக்கம் திரும்பினாள்.

இளையவளுக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. கடைக்காரி மேல் அல்ல, மூத்தவள் மேல்கூட அல்ல, தன் மேல்தான். தொழிற்சாலையை விட்டு வரத் துடித்தவள், அந்தத் தொழிற்சாலையையே கையோடு வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு வந்துவிட்டாளே!

"கொஞ்சம் உக்காருங்க," என்றாள். அந்தக் குரலுக்குக் கடைக்காரி உட்கார்ந்துவிட்டாள்.

இளையவள் கைக்கு வந்த பொம்மையை எடுத்து, இரண்டு புருவங்களையும் கத்தரி முனையால் பிரித்துப் போட்டாள். ஊசியில் நூல் கோத்தாள். கோணலாகத் தைக்கவேண்டும் என்று இந்தத் தடவை நினைக்கவில்லை. நேராகத் தைக்கவே பார்த்தாள். பஞ்சு பழையபடி முரண்டு பிடித்தது. இவள் இழுத்தாள், அது விட்டுக்கொடுத்தது. அது இழுத்தது, இவள் விட்டுக்கொடுத்தாள். முடிச்சுப் போட்டு நூலை அறுத்தபோது ஒரு புருவம் தாழ்ந்தும் மற்றது பாதி எழும்பியும் இருந்தன. திட்டு வாங்கும்போது சிரிப்பு வந்துவிட்டவன் முகம்.

கடைக்காரி அதை வாங்கி நெற்றியில் விரலை ஓட்டினாள். "இங்க என்ன, புள்ளி புள்ளியா?"

"பழசைப் பிரிச்ச ஊசித் தடம். போகாதுங்க."

"ம். இதே மாதிரி இன்னொண்ணு யாராவது கேட்டா?"

"அதுக்கென்ன, நூறுகூட..." என்று மூத்தவள் ஆரம்பித்தாள். இளையவள் அவள் கையைப் பிடித்து அழுத்தினாள்.

"வராதுங்க. நேரா தைக்கத்தான் பாப்பேன். அது எப்படி வருதோ அப்படித்தான்."

மூத்தவள் தலையில் கை வைத்துக்கொண்டாள். போச்சு, எல்லாம் போச்சு என்றுதான் இளையவளுக்கும் தோன்றியது. ஆனாலும் சொன்ன சொல்லைத் திரும்ப எடுக்க அவளுக்கு மனமில்லை.

கடைக்காரி பொம்மையைக் கைப்பைக்குள் போட்டு மூடினாள். "இது எனக்கு. விக்க மாட்டேன். மிச்சத்தை எல்லாம் பிரிச்சு, உன் இஷ்டத்துக்கு முகம் போட்டு அனுப்பு. கடை வாசல் கண்ணாடிப் பக்கத்து அலமாரியைக் காலி பண்ணி வைக்கிறேன். ரெண்டு ஒரே மாதிரி வந்துச்சு, திருப்பி அனுப்பிடுவேன், சொல்லிட்டேன்."

திங்கட்கிழமை காலையில் இருவரும் தரையில் உட்கார்ந்து புருவங்களைப் பிரித்துக்கொண்டிருந்தபோது போன் அடித்தது. மேற்பார்வையாளர்.

"என்னம்மா, மணி ஆச்சு, இன்னும் ஆளைக் காணோம்? உன்னை மாதிரி கை எங்களுக்கு எங்க கிடைக்கும்? ஒரு நூல் பிசகாதே."

"இப்பல்லாம் பிசகுதுங்க சார்," என்றாள் இளையவள். "ஒவ்வொண்ணும் ஒவ்வொரு மாதிரி பிசகுது. இனிமே நான் உங்களுக்கு ஆக மாட்டேன்."