வெள்ளைக் கிட்டாரின் முதுகு

பதற்றம் வந்துவிட்டால் விஸ்வத்துக்கு வாய் ஓயாது. அன்றைக்குக் காத்ர் போர்ன் ஊருக்குப் போய்ச் சேரும்வரை பஸ்ஸில் தொணதொணவென்று பேசிக்கொண்டே வந்தான். மடியில் அவனுடைய வெள்ளை எலெக்ட்ரிக் கிட்டார். ஹோட்டலில் தங்கியிருக்கும் ஜெர்மன்காரருக்கு அது வேண்டுமாம். நாளைக்கு விமானம் ஏறுகிறார். வாத்தியம் பழுதுபார்க்கும் ஜான்-போல் பார்த்து விலை சொல்லிவிட்டால் ட்ரியோலே ஊரில் பார்த்துவைத்திருக்கும் அந்த மனை நமக்குத்தான்.

பக்கத்தில் அவன் மனைவி வேதநாயகி. கோயில் குருக்களின் மகள். அவளும் தமிழ்நாட்டிலிருந்து இந்தத் தீவுக்கு வந்தவள்தான், அவனும் அப்படித்தான். அவன் பகலில் பிள்ளைகளுக்குத் தமிழ் வாத்தியார். சாயங்காலமானால் கடற்கரை ஹோட்டலில் பூப்போட்ட சட்டையோடு வெள்ளைக்காரர்களுக்குக் கிட்டார் வாசிப்பான். கோயில் பின்கட்டு வாடகை அறை அவளுக்கு அலுத்துப்போயிருந்தது. மனசுக்குள் அடுப்பு எங்கே, பூஜை மாடம் எங்கே என்று அப்போதே வீட்டைக் கட்டி முடித்திருந்தாள் பாவம்.

ஜான்-போல் கிட்டாரை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். உதட்டைப் பிதுக்கினார். கழுத்தைப் பிடித்திருந்த திருகுகளைக் கழற்றித் தனியாக எடுத்தார். கழுத்து உட்கார்ந்திருந்த பள்ளத்தில் வெள்ளை இல்லை. தேன் மாதிரி மஞ்சள், ஓரத்தில் கறுப்பு.

“யாரோ கார் பெயின்ட் அடிச்சுக் கெடுத்திருக்காங்க, மிஸ்யே,” என்றார் தீவின் க்ரியோல் பாஷையில். “மரம் அசல், கழுத்து அசல். பழைய பூச்சோட இருந்தா விலையே வேற. இப்போ பாதிதான். யார் அடிச்சது?”

“வாங்கும்போதே இப்படித்தான் இருந்தது. துறைமுகத்துல ஒரு கப்பல்காரன்கிட்ட வாங்கினேன்.”

மஞ்சளும் கறுப்பும் வேதநாயகியின் கண்ணை உறுத்தின. முன்பு அதே ஹோட்டலில் வாசித்த ஆன்ரியின் கிட்டாரும் அப்படித்தான் இருக்கும். சீ, உலகத்தில் மஞ்சள் கிட்டார் ஒன்றுதானா என்று மனசை அதட்டி உட்காரவைத்தாள்.

“முதுகையும் திறக்கணும். உள்ளே ஸ்ப்ரிங் மாத்தியிருந்தா இன்னும் இறங்கும்.”

“அதெல்லாம் வேண்டாம்!” என்று விஸ்வம் கத்தியே விட்டான்.

“திறக்காம நான் விலை சொல்றதில்லை,” என்று ஜான்-போல் மூடியைக் கழற்றினார். ஸ்ப்ரிங்குகளுக்கு நடுவே, மஞ்சள் நூல் சுற்றிய ஒரு செப்புத் தகடு. மேலே விபூதி அப்படியே கட்டியாக ஒட்டியிருந்தது.

வேதநாயகி குனிந்து பார்த்தாள். அறுகோணச் சக்கரம் அப்பா கீறியது. அதற்குக் கீழே ‘ஆன்ரி’ என்று இருந்தது. அப்பாவுக்குக் கண் மங்கிப்போனதால் அவளே ஆணியால் கீறிக் கொடுத்த எழுத்து.

ஆன்ரி விஸ்வத்தின் சிநேகிதன். பாண்டிச்சேரியிலிருந்து வந்த தச்சர் வம்சம். ஞாயிற்றுக்கிழமை மாதா கோயில், தைப்பூசத்தில் காவடி. புருஷனின் கிட்டாருக்குக் காவலாக அப்பாவிடம் இந்தத் தகட்டைக் கேட்டு வாங்கிப்போனவள் அவன் மனைவி அர்லெத். அந்த வருஷத்துக் காவடிக் கூட்டத்தில்தான் அவன் கோயில் மண்டபத்தில் வைத்த கிட்டார் காணாமல் போயிற்று. ஹோட்டலில் ஆன்ரிக்காகக் காத்திருக்கவில்லை, அவன் இடத்துக்கு விஸ்வத்தை எடுத்துக்கொண்டார்கள். ஆன்ரி ஸ்வெட்டர் ஃபேக்டரியில் சாயத் தொட்டி வேலைக்குப் போனான்.

அதுகூடப் போகட்டும். அர்லெத் அழுதுகொண்டு வந்து, “விரதத்துல மறந்து மீன் சாப்பிட்டுட்டேன் அக்கா, அதனாலயா?” என்று கேட்டாளே! குருக்கள் மகளல்லவா இவள், பெரிய ஞானி மாதிரி, “சாமி காரியத்துல விளையாடினா அப்படித்தான்” என்று சொல்லி அனுப்பினாள். அன்றோடு அர்லெத் மீனைத் தொடவில்லை. காவடிக்கு மற்றவர்கள் பத்து நாள் விரதம் இருந்தால் அவள் ஒரு மாதம் இருப்பாள்.

வேதநாயகி தகட்டைக் கையில் எடுத்தாள். விஸ்வத்தின் முகத்தில் ஈயாடவில்லை.

“நீங்கதானா?”

“வேதா, இங்கே வேண்டாம். வீட்டுக்குப் போய்…”

“எல்லாத்தையும் சுரண்டிப் பெயின்ட் அடிச்சீங்களே, இதை மட்டும் ஏன் விட்டு வச்சீங்க?”

அவன் தலையைக் குனிந்துகொண்டான். “சாமி தகடு. தொடவே பயமா இருந்துச்சு. தூக்கிப் போட்டா பாவம் இல்லையா?”

அவளுக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தன. “அட மகராசா! சிநேகிதன் வயித்துல அடிச்சது பாவமில்லை, தகட்டைப் போட்டாத்தான் பாவமா?”

தமிழ் புரியாவிட்டாலும் ஜான்-போலுக்கு விஷயம் புரிந்துவிட்டது. கழுத்தை மறுபடி பூட்டினார். கிட்டாரை விஸ்வத்திடம் நீட்டவில்லை, அவளிடம் நீட்டினார்.

பஸ் நிறுத்தம்வரை விஸ்வம் பின்னாலேயே வந்தான். “என் வேலை போயிடும். உங்கப்பா கோயில்ல தலை காட்ட முடியாது. மனை வேண்டாமா உனக்கு?” என்று கெஞ்சினான். ஒவ்வொன்றும் உண்மைதான். ஆனாலும் ஆன்ரியின் வீடு இருக்கும் ரிவியேர் டு ராம்பார் போகிற வழியைக் கேட்டுப் பஸ் ஏறினாள். அவன் ஏறவில்லை.

அர்லெத் வாசலில் கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். ஆன்ரி வேலையிலிருந்து திரும்பவில்லை. “வாங்க அக்கா, உக்காருங்க. எனக்கு விரதம். உங்களுக்கு மட்டும் டீ போடறேன்,” என்று எழுந்தாள்.

“டீ வேண்டாம்.” வேதநாயகி கிட்டாரைத் தரையில் கிடத்தி, தகட்டை அதன்மேல் வைத்தாள். “இது ஆன்ரியோடது. எடுத்தது என் வீட்டுக்காரர். நீ மீன் சாப்பிட்டதுக்கும் இதுக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை, அர்லெத். நான்தான் வாய்க்கு வந்ததைச் சொன்னேன்.”

காறித் துப்புவாள், ஊரைக் கூட்டுவாள் என்று காத்திருந்தாள். அர்லெத் தகட்டைப் பார்த்தாள். கிட்டாரைப் பார்க்கவே இல்லை. கையைப் பாவாடையில் துடைத்துக்கொண்டு மெதுவாக உட்கார்ந்தாள்.

“அப்போ,” என்றாள், “சாமிக்கு என்மேல கோபமே இல்லையா, அக்கா?”