புதன்கிழமை ரயில்

நகரத்தில் ஒற்றை அறைக்குக் கொடுத்த வாடகைக்கு இங்கே மாடியோடு தனி வீடு கிடைத்தது. அதனால்தான் அவர்கள் மூவரும் குடிவந்தார்கள். தெருவில் எல்லாமே வேறு நாடுகளிலிருந்து வந்த குடும்பங்கள். பாதிப் பேர் பிரார்த்தனைக் கூடத்துக்குப் பக்கத்தில் இருக்கவேண்டும் என்றே வந்தவர்கள். கூட்டம் கொள்ளாமல் கூடத்தை மூன்றாவது முறையாகப் பெரிதாக்கிக்கொண்டிருந்தார்கள். இவர்களுக்கும் அந்தக் கூடத்துக்கும் ஒட்டுமில்லை, உறவுமில்லை.

அவளுக்கு நகரத்தில் பொய்ப்பல் செய்யும் வேலை. ரயிலில் போக ஒன்றரை மணி நேரம், வர ஒன்றரை. கணவன் பேருந்து ஓட்டுநர், மதியம் போனால் இரவில்தான் வருவான். ஆறு வயது மகள் சிட்டு மாலை ஆறு வரை பள்ளியிலேயே இருப்பாள்.

ஒரு புதன்கிழமை சிக்னல் பழுதாகி ரயில் வெட்டவெளியில் நின்றது. வேறு வழியில்லாமல் அடுத்த வீட்டு அக்காவைப் போனில் அழைத்தாள். அதுவரை பார்த்தால் சிரித்துக்கொள்வதோடு சரி. அக்கா மறுபேச்சில்லாமல் போய்ச் சிட்டுவை அழைத்துக்கொண்டார்.

அவள் வந்து சேர்ந்தபோது அக்கா வீடு பூட்டிக்கிடந்தது. புதன்கிழமைப் பிரார்த்தனை நினைவுக்கு வர, கூடத்துக்கு ஓடினாள். முன்வரிசையில் சிட்டு மற்ற பிள்ளைகளோடு பாடிக்கொண்டிருந்தாள். அம்மாவுக்கு முகம் இறுகியது. வெளியே வந்ததும் அக்காவிடம் சொன்னாள்:

"பெரிய உதவிக்கா. ஆனா எங்க வீட்ல இது பழக்கமில்ல. அவள இங்க கூட்டிட்டு வர வேணாம்."

அக்கா முகம் கோணவில்லை. இனிமேல் அவர்கள் வீட்டுச் சாவி ஒன்றைத் தன்னிடம் கொடுத்துவைக்கும்படி மட்டும் கேட்டார்.

அடுத்த இரண்டு மாதத்தில் நான்கு புதன்கிழமைகள் ரயில் தாமதமாகிக் கைவிட்டது. நான்கு முறையும் அக்கா அவர்கள் வீட்டு நாற்காலியில் உட்கார்ந்து, காய்ந்த துணிகளை மடித்துக்கொண்டிருந்தார். ஜன்னல் வழியாகக் கூடத்துப் பாட்டு கேட்டது. புதன்கிழமைப் பிரார்த்தனையைத் தவறவிட்டதைப் பற்றி அவர் வாயே திறக்கவில்லை.

அவளுக்கு மனம் உறுத்தியது. மேற்பார்வையாளரிடம் பேசி, புதன்கிழமை வேலையை விடியற்காலைக்கு மாற்றிக்கொண்டாள். அதற்கு ஈடாகச் சனிக்கிழமை அரை நாள் போகவேண்டும். அன்று மாலையே வேலிக்கு இந்தப் பக்கம் நின்று அக்காவிடம் இரண்டையும் சொன்னாள்.

"புதன்கிழமை நான் மூணரைக்கே வந்துருவேன்க்கா. நீங்க கூடத்துக்குப் போங்க."



"சனிக்கிழமை உங்க வீட்டுக்காரருக்கும் வேலையாச்சே. சிட்டு எங்க வீட்ல இருக்கட்டும்," என்றார் அக்கா. பிறகு, "அன்னிக்குக் கூடம் கிடையாதும்மா," என்றும் சேர்த்துச் சொன்னார்.