கடைசிப் பாட்டு எத்தனை தடவை

என் வீட்டுக்காரருக்கு எங்கள் தெருவில் வைத்திருக்கும் பெயர் ‘ரெண்டு தடவை’. தையல் கடைப் பலகையில் வேறு பெயர் எழுதியிருக்கிறது, அதை யாரும் படிப்பதில்லை. “ரெண்டு தடவை இருக்காரா? பேன்ட் நீளம் குறைக்கணும்” என்றுதான் கேட்டு வருவார்கள். முப்பது வருடத்துக்கு முன்னால் நடந்த ஒரு ராக் கச்சேரியில் கடைசிப் பாட்டை ஒரு தடவை பாடினார்களா, இரண்டு தடவை பாடினார்களா என்பதுதான் சண்டை. இவர் இரண்டு தடவைக் கட்சி. தலைவரும் இவரே, பெரும்பாலும் தொண்டரும் இவரே.

தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். ஊர் ரத்த வங்கி துடைத்து வைத்த மாதிரி காலியாகக் கிடந்த வருடம் அது. அப்போது எல்லார் வாயிலும் இருந்த ஒரு ராக் குழு, தர்மத்துக்குப் பாடுகிறோம், ஆனால் டிக்கெட் விற்க மாட்டோம் என்று அறிவித்தது. ஒரு பாட்டில் ரத்தம் கொடுத்தால் ஒரு கார்டு. கார்டு இருந்தால் மைதானத்துக்குள் விடுவார்கள். ஐயாயிரம் பேர் கொடுத்தார்கள். ரத்தக் கச்சேரி என்றே பெயர் நிலைத்துவிட்டது. கார்டு இல்லாதவர்கள் வானொலியில் கேட்டார்கள். வானொலிக்காரர்கள் செய்தி நேரம் வந்துவிட்டதென்று கடைசிப் பாட்டின் நடுவிலேயே வெட்டிவிட்டார்கள். அவர்கள் இன்னும் பத்து நிமிடம் பொறுத்திருந்தால் இந்தச் சண்டையே இல்லை, நானும் நிம்மதியாக இருந்திருப்பேன்.

ஞாயிற்றுக்கிழமை நான்கு மணிக்கு மருந்துக்கடை மாடியில் ரசிகர் குழு கூடும். கார்டு வைத்திருக்கும் ஐந்து பேருக்கு மெத்தை போட்ட நாற்காலி. மெத்தைகள் என் வீட்டுக்காரர் மிச்சத் துணியில் தைத்துக் கொடுத்தவை. வானொலியில் கேட்டவர்களுக்குச் சுவரோரம் மரப் பெஞ்சு. பெஞ்சில் இருப்பவர்கள் பேசலாம், ஓட்டுப் போட முடியாது. மருந்துக்கடைக்காரர்தான் ஒரு தடவைக் கட்சியின் தலைவர். கெட்ட மனுஷன் இல்லை. மாத்திரை அட்டையில் காலாவதி தேதி பார்த்துப் பார்த்து, எதைக் கையில் கொடுத்தாலும் பொடி எழுத்தைப் படிக்கிற புத்தி வந்துவிட்டது, அவ்வளவுதான்.

நான் அந்த மாடிப் பக்கமே போனதில்லை. கல்யாணமான மறுநாளே கண்டிஷன் போட்டேன், கச்சேரிப் பேச்சு வாசலோடு நிற்க வேண்டும் என்று. அதற்கு இரண்டு காரணம்.

முதல் காரணம் வயிற்றெரிச்சல். அன்றைக்கு நானும் அங்கேதான் இருந்தேன். மேடைக்குப் பின்னால் முப்பது அடி தூரத்தில், ரத்தம் எடுக்கும் கூடாரத்தில், வேலைக்குச் சேர்ந்து இரண்டு மாதமான லேப் டெக்னீஷியன். கூடாரத்தை ஒட்டி ஜெனரேட்டர். ஐயாயிரம் பேர் ஜென்மத்துக்கும் மறக்க மாட்டோம் என்கிற கச்சேரியில் என் காதுக்குக் கிடைத்தது தடதடதட மட்டும்தான். ஒரு பாட்டு, ஒரு வரி கேட்கவில்லை.

இரண்டாவது காரணம் இவரும் இவர் கார்டும். கூடாரத்தைச் சுருட்டக் கொஞ்ச நேரம் இருக்கும்போது மூச்சிரைக்க வந்து நின்றார். நாள் முழுக்க ஊசியோடு குடித்தனம் நடத்துகிற தையல்காரர், பக்கத்துக் கட்டிலில் தொங்கிய பாட்டிலைப் பார்த்ததும் மடமடவென்று சரிந்தார். தண்ணீர் தெளித்து எழுப்பினேன். மறுபடி பார்த்தார், மறுபடி சரிந்தார். மூன்றாம் முறை முகத்தைத் திருப்பிப் படுக்க வைத்தேன். பஞ்சால் கையைத் துடைத்ததுமே மறுபடி மயங்கிவிட்டார். எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. “இதுக்கே தெம்பில்ல, உங்களுக்கெல்லாம் எதுக்கு ராக்கு?” என்று திட்டினேன். அவர் கோபப்படவில்லை. “அந்தக் கடைசிப் பாட்டை மட்டும் நேர்ல கேட்டுட்டா போதும் சிஸ்டர்” என்று சொல்லிவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

எனக்கு என்ன பிடித்ததோ தெரியவில்லை. கட்டிலில் நான் படுத்து, சீனியரிடம் கையை நீட்டினேன். என் ரத்தத்துக்கு வந்த கார்டில் அவர் பெயரை எழுதிக் கொடுத்தேன். கொடையாளிக்குத் தருகிற பிஸ்கட் பாக்கெட்டையும் வெட்கமில்லாமல் எடுத்துக்கொண்டு ஓடினார்.

பெயரைத்தான் பொய்யாக எழுதினேன். ரத்த வகையைப் பொய்யாக எழுத எனக்குக் கை வரவில்லை. கார்டிலும் பாட்டிலிலும் ஒரே எண், ஒரே வகை இருக்க வேண்டும். ஏபி நெகடிவ் என்று உள்ளதை எழுதினேன். பெயர் தப்பானால் யாருக்கும் ஒன்றும் ஆகாது. வகை தப்பானால் உயிர் போகும். அன்றிலிருந்து இன்று வரை நான் ஒரு லேபிள் தப்பாக எழுதியதில்லை. அடுத்த மாதம் ஓய்வு பெறுகிறேன். பெருமை பேச எனக்கென்று இருப்பது இது ஒன்றுதான்.

போன வாரம் எங்கள் ரத்த வங்கியில் புதிதாக ஒரு காத்திருப்பு அறை கட்டி முடித்தார்கள். அதன் சுவரில் ரத்தக் கச்சேரியின் பாட்டுகளை வரிசையாக எழுதி வைக்கலாம் என்று பெரிய டாக்டருக்கு யோசனை வந்தது. திங்கட்கிழமை பெயின்டர் வருகிறார். “ரசிகர் குழுகிட்ட பேசி, பட்டியலை முடிச்சு நீங்களே வாங்கிட்டு வந்துடுங்க” என்று என்னை அனுப்பினார். கடைசிப் பாட்டு ஒரு வரியா, இரண்டு வரியா என்று ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்திலேயே முடிவாக வேண்டும். முப்பது வருடமாகப் போகாத மாடிப்படியில் ஏறினேன்.

மருந்துக்கடைக்காரர் மேசைக்குப் பின்னால் நின்றார். “கார்டு உள்ளவங்க மட்டும்தான் ஓட்டு. எல்லாரும் கார்டைக் கொண்டு வந்தாச்சுல்ல? முதல்ல சாட்சி சொல்லுங்க, அப்புறம் கை தூக்கலாம்.” என் வீட்டுக்காரர் எழுந்தார். பழைய பஸ் கண்டக்டர் ஒருவர் அவருக்குப் பக்கத்தில் தலையாட்டத் தயாராக உட்கார்ந்திருந்தார்.

“முதல் தடவை எல்லாருக்கும் தெரியும்” என்றார் இவர். “ரெண்டாவது தடவைதான் விசேஷம். ஜெனரேட்டரை நிறுத்திட்டாங்க. மைக் கிடையாது, கிடார் கிடையாது. வெறும் குரல். சுத்தியும் ஒரு சத்தம் இல்ல. ஒரு பொண்ணு அழுதா, அது கூடத் தெளிவா ஞாபகம் இருக்கு.”

இதை நான் கேட்பது அதுதான் முதல் தடவை. படியோரம் நான் உட்கார்ந்திருந்த மருந்துப் பெட்டியைக் கையால் பிடித்துக்கொண்டேன்.

“நானும் அங்கதான் இருந்தேன், எனக்கு மட்டும் எப்படிங்க கேக்காம போச்சு?” என்றார் மருந்துக்கடைக்காரர். “நீங்க பஸ்ஸைப் பிடிக்க ஓடியிருப்பீங்க” என்று கண்டக்டர் சொன்னதும் பெஞ்சு மொத்தமும் சிரித்தது. கை தூக்கினார்கள். ஒரு தடவைக்கு இரண்டு பேர், இரண்டு தடவைக்கு மூன்று பேர். என் வீட்டுக்காரர் முகத்தைப் பார்க்க வேண்டுமே, பரீட்சையில் பாஸான மாதிரி.

மருந்துக்கடைக்காரர் விடவில்லை. கார்டுகளை வரிசையாக வாங்கிக் கண்ணாடியைத் தூக்கிவிட்டுப் படித்தார். என் வீட்டுக்காரருடைய கார்டு வந்ததும் நிறுத்தினார்.

“டெய்லர், உங்க ரத்தம் என்ன வகை?”

“அதுலதான் எழுதியிருக்கே.”

“இதுல ஏபி நெகடிவ்னு இருக்கு. போன வருஷம் உங்களுக்குக் குடல் இறக்க ஆபரேஷன் பண்ணப்போ, சிஸ்டரோட ரத்த வங்கியிலயும் ஸ்டாக் இல்லாம, ரத்தத்துக்கு அலைஞ்சது நான். பி பாசிடிவ்னு சீட்டைக் கையில வெச்சுக்கிட்டு நாலு இடம் ஏறி இறங்கினேன். மனுஷனுக்கு ரத்த வகை மாறாதுங்க. இந்தக் கார்டு யாரோடது?”

என் வீட்டுக்காரர் காதெல்லாம் சிவந்துவிட்டது. அந்த நாற்காலிதான் அவருக்கு எல்லாம். கடையில் யாரும் மதிக்காவிட்டாலும், மகள் போன் பண்ண மறந்தாலும், ஞாயிற்றுக்கிழமை நான்கு மணிக்கு அவர் மைதானத்தில் இருந்தவர். அது போனால் மனுஷன் சுருங்கிவிடுவார் என்று எனக்குத் தெரியும்.

கண்டக்டர்தான் கை கொடுத்தார். “இதுக்குப் போய் இவ்வளவு விசாரணையா? அன்னிக்கு இருந்த கூட்டத்துல, ஊசி போடற பொண்ணு ஏதோ அவசரத்துல தப்பா எழுதியிருக்கும். சின்னப் பொண்ணுங்க, புது வேலை. என்ன டெய்லர், அப்படித்தானே?”

எல்லாரும் ஆமாம் என்று தலையாட்டினார்கள். மருந்துக்கடைக்காரர் கூட யோசித்துவிட்டு, “இருக்கலாம்” என்றார். இவர் ஒரு தடவை தலையை அசைத்தால் போதும். நாற்காலியும் மிஞ்சும், ஓட்டும் மிஞ்சும், சுவரில் இரண்டு வரியும் வரும். அந்தக் கூடாரத்துப் பெண் நான்தான் என்று அங்கே ஒருவருக்கும் தெரியாது. அசைக்கட்டும் என்று ஒரு மனசு சொன்னது. அசைத்தால் இன்றைக்கு இந்த ஆளுக்குச் சோறு கிடையாது என்று இன்னொரு மனசு சொன்னது.

அவர் என்னைப் பார்த்தார். பிறகு மேசையைப் பார்த்துச் சொன்னார்.

“தப்பா எழுதலைங்க. அந்தப் பொண்ணு தப்பா எழுதாது. எழுதினது இவ.”

பிறகு எல்லாவற்றையும் சொன்னார். சரிந்தது, எழுந்தது, மறுபடி சரிந்தது, நான் படுத்தது, பெயர் எழுதியது. சிரிப்பார்கள் என்று தெரிந்தும் ஒன்று விடாமல் சொன்னார். பெஞ்சு சிரிக்கத்தான் செய்தது. அவர் கார்டை மேசையில் வைத்துவிட்டு, நாற்காலியை விட்டு எழுந்துபோய் பெஞ்சின் ஓரத்தில் உட்கார்ந்துகொண்டார். நான் புடவைத் தலைப்பால் மூக்கைத் துடைத்தேன், ஜலதோஷம் என்று யாராவது நினைத்துக்கொள்ளட்டும் என்று.

“அப்ப ஓட்டு ரெண்டுக்கு ரெண்டு” என்றார் மருந்துக்கடைக்காரர். அப்புறம் அவருக்கே உரிய பொடி எழுத்துப் புத்தி வேலை செய்தது. “விதி என்னங்க? ரத்தம் கொடுத்தவங்களுக்குத்தான் கார்டு. அப்ப இது இவங்க கார்டு. நாற்காலியும் இவங்களுது. வாங்க சிஸ்டர், உங்க ஓட்டைப் போடுங்க.”

உட்கார்ந்தேன். தன் நாற்காலிக்கு மட்டும் இரண்டு மெத்தை வைத்துத் தைத்திருக்கிறார், திருட்டு மனுஷன்.

பெஞ்சிலிருந்து அவர் என்னையே பார்த்தார். பெண்டாட்டி ஓட்டு தனக்குத்தான் என்று அந்த நிலையிலும் ஒரு நம்பிக்கை.

“மேடையில நடந்தது எனக்குத் தெரியாது” என்றேன். “ஜெனரேட்டர் பக்கத்துல இருந்தேன், ஒண்ணும் கேக்கல. ஆனா ஜெனரேட்டர் நின்ன பிறகு, மைக் இல்லாம, கிடார் இல்லாம ஒருத்தர் அந்தக் கடைசிப் பாட்டைப் பாடினது நிஜம். நான் கேட்டேன்.”

“பாத்தீங்களா” என்று கண்டக்டர் துள்ளினார்.

“இருங்கண்ணே. கச்சேரி முடிஞ்சு கூட்டம் கலைஞ்சிட்டிருந்துச்சு. நான் கூடாரத்துல பாட்டிலை எல்லாம் பெட்டியில அடுக்கிட்டிருந்தேன். இவர் ஓடி வந்தாரு. பிரிக்காத பிஸ்கட் பாக்கெட்டை நீட்டி, ‘இது உங்களோடது, நான் சாப்பிடக் கூடாது’ன்னாரு. ‘நீங்க பாட்டும் கேக்கலையே’ன்னு சொல்லிட்டு, அங்கேயே வாசல்ல நின்னு முதல் வரியில இருந்து கடைசி வரைக்கும் பாடினாரு. அழுத பொண்ணு நான்தான்.”

என் வீட்டுக்காரர், “பாடினது நானா?” என்று கேட்டார். நடிப்பு இல்லை. அந்த மனுஷனுக்கு நிஜமாகவே நினைவில் இரண்டும் ஒன்றாய்ப் போயிருந்தது. தான் கேட்டது ஒரு தடவை, தான் பாடியது ஒரு தடவை. கணக்கு சரி, பாடகர்தான் வேறு ஆள்.

“அதனால சுவத்துல ஒரு வரிதான்” என்று சொல்லி மருந்துக்கடைக்காரர் பக்கம் கை தூக்கினேன். கண்டக்டரிடம் கேட்டார்கள், நீங்கள் எந்த அடிப்படையில் இத்தனை வருடம் இரண்டு என்றீர்கள் என்று. “எனக்கு ஒண்ணும் ஞாபகம் இல்லைங்க. டெய்லர் அவ்வளவு உறுதியா சொன்னாரேன்னு தூக்கினேன்” என்றார். பட்டியலில் கையெழுத்துப் போட்டு என்னிடம் கொடுத்தார்கள். மருந்துக்கடைக்காரர் ஜெயித்தவர் மாதிரியே இல்லை. பெஞ்சுக்குப் போய் என் வீட்டுக்காரர் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டார்.

மாடிப்படி இறங்கி நடந்தோம். தெரு முனையில்தான் கேட்டார்.

“ரெண்டுன்னு சொல்லியிருக்கலாம்ல?”

“உள்ளதைத்தான் எழுதுவேன். உங்களுக்குத் தெரியாதா?”

“தெரியும்.” நாலு அடி நடந்தார். “அன்னிக்கு நான் பாடினது நல்லா இருந்துச்சா?”

“சகிக்கல. ரெண்டு இடத்துல வரியை மறந்துட்டு நாநான்னு இழுத்தீங்க.”

“அப்புறம் எதுக்கு அழுத?”

முப்பது வருடத்தில் அவர் இதைக் கேட்கும்படி நான் விட்டதில்லை. “அதுக்கு முன்னாடி எனக்காக யாரும் பாடினதில்ல” என்றேன்.

வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றினார். வழக்கம்போலக் கச்சேரியைப் பற்றிய வாயையும் அங்கேயே கழற்றி வைக்கிற மாதிரி உதட்டை மடித்துக்கொண்டார். நான் கதவைத் திறந்து, “உள்ள வந்து பாடுங்க” என்றேன்.

கூடத்தில் நின்று முதல் வரியிலிருந்து கடைசி வரைக்கும் பாடினார். அதே இரண்டு இடத்தில் வரி மறந்துபோனது.