மூன்று பக்க மனு

அரசப்பனின் பிணத்தின் மேல் இரண்டாவது குடம் தண்ணீர் விழும்போதே மிராசுதாரின் காரியஸ்தர் நாணு குடையோடு வந்து நின்றார். துக்கம் விசாரிக்கத்தான் வந்திருக்கிறார் என்று மகள் பொன்னுத்தாய் நினைத்தாள். அட, அவளுக்குத்தான் எவ்வளவு நல்ல மனசு!

"கருமாதி ஆனதும் எடத்தைக் காலி பண்ணிடு, ராமாயி. பெரியவர் சொல்லச் சொன்னார்."

குடிசை நிற்கிற மண் குடியிருக்கிறவனுக்கே என்று சர்க்கார் சட்டம் போட்டிருந்தது. கெடுவுக்குள் மனு கொடுத்தால் போதும். அமைச்சருக்கே மனு போட்டிருக்கிறோம் என்றாள் அரசப்பனின் மனைவி ராமாயி. கெடு முடிந்துவிட்டது, அப்படி ஒரு மனுவே ஆபீசில் இல்லை என்றார் நாணு.

கட்சி மேடைப் பேச்சைக் கேட்டுக் கேட்டுக் கெட்டுப்போன மனுஷன் அரசப்பன். நாற்றுமுடி வீசும்போதும் அடுக்குமொழிதான். கஞ்சியைக்கூட அமுது என்பார், அதுவும் பாதி நாள் கிடையாது. வற்றாத வளமே, வறியோர் வாழ்வின் விடிவெள்ளியே என்று அவர் சொல்லச் சொல்ல மூன்று பக்கம் எழுதியவள் பொன்னுத்தாய். நாங்கள் இருக்கிற இடத்தை எங்களுக்கே கொடுங்கள் என்று ஒரு வரி போடச் சொல்லி ராமாயி கெஞ்சினாள். அது பிச்சைக்காரன் பேச்சு, கடைசியில் நயமாகச் சேர்க்கலாம் என்றார். கடைசி வருவதற்குள் தாள் தீர்ந்துபோனது. அனுப்பிவிட்டார்கள்.

நேற்று சாகும்போது "தண்ணி" என்றார். நாப்பது வருஷத்தில் நேற்றைக்குத்தான் மனுஷன் மாதிரிப் பேசினார் என்று ராமாயி அழாமல் சொன்னாள். பொன்னுத்தாய்க்கு அம்மாவை அறைய வேண்டும்போல இருந்தது.

பாடை கட்டும்போது தபால்காரர் செருப்பைக் கழற்றிவிட்டு வந்து ஒரு உறையைக் கொடுத்தார். அமைச்சர் அலுவலகத்துக் கடிதம். பொன்னுத்தாய் பிரித்தாள். தங்கள் வாழ்த்து மடல் கிடைத்தது, நன்றி என்று மட்டும் இருந்தது.

"எடம் உண்டாமா?" என்றாள் ராமாயி.

"நாம கேக்கவே இல்லம்மா."

அதை எழுதிய கை அவள் கைதான். ராமாயி கடிதத்தை வாங்கினாள். ஈரக்கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு, அதை மடித்துப் பிணத்தின் சட்டைப்பையில் செருகினாள்.

"வாழ்த்துதான எழுதுனாரு. நன்றிய அவரே கொண்டுக்கிட்டுப் போகட்டும்."

பாடை கிளம்பியது. நாணு வேலியோரமாக ஒதுங்கி வழிவிட்டார். பிறகு கூரைமேல் படர்ந்திருந்த பரங்கிக் கொடியைக் குடைமுனையால் விலக்கி, மூங்கில் இன்னும் உறுதியாக இருக்கிறதா என்று தட்டிப் பார்த்தார்.