கையில் கொடுத்த பந்து

லிஃப்ட் பழுதான எட்டு மாடிக் கட்டடம் யார் தலையில் விழும் என்பதைக் கூடைப்பந்து முடிவு செய்யட்டும் என்று கூரியர் கிளையில் பேசிவைத்திருந்தார்கள். கிழக்குப் பிரிவும் மேற்குப் பிரிவும் மோதும். தோற்றவர்கள் படியேறிப் பார்சல் கொடுக்க வேண்டும். கிழக்கின் தலைவரான மச்சானுக்குப் படி ஏறினால்தான் முழங்கால் வலிக்கும். ஆடினால் வலிக்காது.

மச்சானின் தங்கையைக் கட்டியவனுக்கு ‘முட்டை’ என்று பட்டப்பெயர். ஒருமுறை பார்சலை வாசலில் வீசிவிட்டுப் போய் எச்சரிக்கை வாங்கியவன். அன்றிலிருந்து எந்தப் பெட்டியையும் முட்டையைப் போல ஏந்திவந்து, வாங்குபவர் கையில்தான் வைப்பான்.

ஆட்டத்திலும் அதையே செய்தான். வெளியே போன பந்தை உள்ளே போடக் கோட்டுக்கு வெளியே நின்றவன், உள்ளே நின்ற மச்சானின் கையில் பந்தைப் பத்திரமாக வைத்தான். விசில் ஒலித்தது.

“பந்து மேற்குக்கு” என்றார் நடுவராக நின்ற மேற்பார்வையாளர் அக்கா.

“ஏன்க்கா? நான் கோட்டை மிதிக்கவே இல்லையே.”

“மிதிக்கல. ஆனா கையில கொடுத்துட்ட. பந்து உன் கையை விட்டுக் கிளம்பணும், அதுவும் அஞ்சு செகண்டுக்குள்ள.”

“கையெழுத்து வாங்காம விட்டானே” என்றான் ஒரு மேற்குக்காரன்.

அடுத்த முறை முட்டை எறியலாமா என்று யோசித்தே ஐந்து விநாடியைத் தின்றான். மறுபடி விசில்.

“மாப்ள, அது பந்து. உடையாது” என்றார் மச்சான்.

கடைசி நிமிடத்தில் கிழக்கு ஒரு புள்ளி பின்தங்கியிருந்தது. பக்கக் கோட்டில் மறுபடி முட்டை. அக்கா எண்ணத் தொடங்கியதும் கண்ணை மூடிக்கொண்டு எறிந்தான். பந்து எல்லோர் தலைக்கும் மேலே பறந்து, யார்மீதும் படாமல், நேராக வளையத்துக்குள் இறங்கியது. மச்சான் அவனைத் தூக்கிச் சுற்றினார்.

“இறக்கி விடுங்க, செல்லாது” என்றார் அக்கா. “வெளியே நின்னு எறிஞ்ச பந்து நேரா கூடைக்குள்ள போகக் கூடாது. உள்ள இருக்கற யாராவது முதல்ல தொடணும்.”

“நீங்கதானே எறியச் சொன்னீங்க?” என்றான் முட்டை.

“ஆளுக்கு எறியச் சொன்னேன்.”

மிச்சமிருந்த நேரத்தில் மேற்கு பந்தை விடவே இல்லை.

திங்கட்கிழமை இரண்டாம் மாடியிலேயே மச்சான் முழங்காலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். முட்டை அவர் தோளிலிருந்த பையையும் வாங்கிக்கொண்டான்.

“நீங்க உக்காருங்க மச்சான். தோக்கடிச்சது நான், நானே ஏறிக்கறேன்.”

“சரி, முடிச்சதும் காலிப் பையை மேல இருந்தே எறி. பிடிச்சுக்கறேன்.”

எட்டு மாடியும் ஏறிக் கொடுத்துவிட்டு இறங்கி வந்தவன், மூச்சு வாங்கியபடியே பையை மடித்து அவர் கையில் வைத்தான்.

“இங்க விசில் ஊத ஆளில்ல, மச்சான்.”