கசக்காத கசாயம்

எனக்கு வாய் கொஞ்சம் நீளம். நானே சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் எங்கள் ஊரில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். சங்ககிரியிலிருந்து எட்டுக் கிலோமீட்டர். நாலு ஏக்கர் தோட்டம், கோயில் கமிட்டித் தலைவர் பதவி, கோயிலுக்கென்று வாங்கி என் பொறுப்பில் இருக்கும் ஒரு மைக் செட். மூன்றில் எனக்கு ரொம்பப் பிடித்தது மைக் செட்தான். வெங்கடாசலம் மைக்கைப் பிடித்தால் மாடுகூட அசை போடுவதை நிறுத்தும் என்பார்கள். அதைப் பாராட்டு என்றுதான் இத்தனை காலம் நினைத்திருந்தேன்.

கொரோனா வந்த 2020ஆம் வருஷம், கார்த்திகை மாதம். மாதா மாதம் சர்க்கரை பார்க்கும் ஆஸ்பத்திரிக்குப் போயிருந்தேன். ரத்தம் எடுக்கும் தனப்பிரியா என்ற பெண், ஊசியைக் கையில் வைத்துக்கொண்டே கேட்டாள்.

"ஐயா, இன்னொரு சின்ன டியூப் எடுத்துக்கட்டுங்களா? வர்ற நோயாளிங்க எல்லாருக்கும் ஆன்டிபாடி பாக்கறோமுங்க. கொரோனா வந்து போயிருந்தா அதோட சுவடு ரத்தத்துல இருக்கும். தெரியாமயே எத்தன பேருக்கு வந்துட்டுப் போயிருக்குதுன்னு ஒரு கணக்குங்க."

"எனக்கெல்லாம் அது வராது கண்ணு. ஊருக்கே கபசுரக் குடிநீர் காய்ச்சி ஊத்துன கை இது. ஊசி உள்ள போனா ஊசிக்குத்தான் கேடு."

அவள் சிரித்தாள். எனக்கு உற்சாகம் ஏறிவிட்டது. அந்த ஆனி மாதம் இருபது நாள், கோயில் அண்டாவில் கசாயம் காய்ச்சி வீடு வீடாகக் கொண்டுபோய்க் கொடுத்த கதையைச் சொன்னேன். மூன்றாவது வாரம் கசாயம் சப்பென்று ஆகிவிட்டது, மருந்துக் கடைக்காரன் மட்டமான சரக்கைத் தள்ளிவிட்டான் என்று, நிலவேம்பை இரண்டு பங்கு போடச் சொன்னேன். ஊரே கசக்கிறது கசக்கிறது என்று முகத்தைச் சுளித்தது. எனக்குச் சர்க்கரைத் தண்ணீர் மாதிரிதான் இறங்கியது. மன உறுதி வேண்டும் என்று அவர்களைத் திட்டினேன். இதையெல்லாம் வரிசையில் உட்கார்ந்திருந்தவர்கள் கேட்கும்படி சொன்னேன்.

வரிசையில் ஜீவானந்தமும் இருந்தான்.

என் பெரியப்பா மகன் சென்னிமலை அண்ணனின் ஒரே பிள்ளை. லாரி டிரைவர். அவனைப் பார்த்ததும் நான் நாலு நாற்காலி தள்ளிப் போய் உட்கார்ந்துகொண்டேன். "அந்தா இருக்கறானே, அவனுக்கு மொதல்ல பாரு கண்ணு. கொரோனாவ ஊருக்குள்ள எறக்குனவனே அவந்தான்" என்றேன். அவன் முதுகுவலிக்கு வந்திருந்தான். சட்டைக் கையை மடித்து ரத்தம் கொடுத்துவிட்டுப் போனான்.

அவன் செய்தது என்ன என்று சொல்லிவிடுகிறேன். அந்த ஆனி மாதம் ஒரு திங்கட்கிழமை நாசிக்கிலிருந்து வெங்காய லோடோடு வந்தான். வீட்டுக் கேட்டுக்கு வெளியே நின்றபடி ஒரு மூட்டை வெங்காயத்தை இறக்கி வைத்தான். "பதினாலு நாள் தோட்டத்துச் சாளையில இருந்துக்கறேன்" என்று அம்மாவிடம் சொல்லிவிட்டு அப்படியே அந்தத் தோட்டத்து வீட்டுக்குப் போய்விட்டான். புதன்கிழமை அண்ணனுக்குக் காய்ச்சல். அடுத்த வாரம் கொரோனாவிலேயே போய்விட்டார். அவர் மனைவி ஆத்தாயிக்கும் வந்தது, பிழைத்துக்கொண்டார். அண்ணன் மனைவியை எங்கள் பக்கம் நங்கையா என்போம். நங்கையா பத்து நாள் படுக்கையில் கிடந்தார்.

ஜீவானந்தத்துக்கு மூக்கில் குச்சி விட்டுப் பார்த்தார்கள். இல்லை என்று வந்தது. லாரிக்காரனுக்கு எந்தச் சீட்டும் வாங்கத் தெரியும் என்று நான் மைக்கில் சொன்னேன். அவன் ஊருக்குள் கால் வைக்கக் கூடாது என்றும் சொன்னேன். வெங்காயத்தைக் குழி தோண்டிப் புதைக்க வைத்தேன். கருமாதியில் பிள்ளை உட்கார வேண்டிய இடத்தில் பங்காளி என்ற முறையில் நானே உட்கார்ந்தேன். பெற்ற தாய் அன்றிலிருந்து அவனோடு பேசுவதில்லை. அவன் சங்ககிரியில் லாரிப் பட்டறைக்குப் பக்கத்தில் ஓர் அறையில் கிடக்கிறான். தீபாவளிக்குக்கூட வீட்டுக் கதவு அவனுக்குத் திறக்கவில்லை.

ஒரு வாரம் கழித்து முடிவு வாங்கப் போனேன். 'இல்லை' என்று வரும் சீட்டைக் கமிட்டிக் கூட்டத்தில் காட்ட வேண்டும் என்பது என் திட்டம். "எல்லாரும் கேக்கச் சொல்லு கண்ணு" என்றேன். தனப்பிரியா என்னை உள்ளறைக்குக் கூப்பிட்டுக் கதவைச் சாத்தினாள்.

"உங்களுக்கு வந்துட்டுப் போயிருக்குதுங்க ஐயா."

"என்ன வந்துட்டு?"

"கொரோனாங்க. ஆன்டிபாடி நல்லாவே இருக்குது."

நான் போட்ட கத்தலில் வெளியே இருந்தவர்கள் எழுந்து நின்றிருப்பார்கள். டியூபை மாற்றிவிட்டாய், அந்த லாரிக்காரன் ரத்தத்தில் என் பெயரை ஒட்டிவிட்டாய் என்றேன். பாவம், அந்தப் பெண் கோபப்படவே இல்லை. அவள் இரண்டு முறை போட்டுப் பார்த்திருக்கிறாள். பிறகு ஒரு படிவத்தை எடுத்து, வந்து போனவர்களிடம் கேட்க வேண்டிய கேள்விகள் என்று கேட்க ஆரம்பித்தாள்.

"காய்ச்சல் இருந்துச்சுங்களா?"

"இல்ல."

"சளி, இருமல்?"

"ஒண்ணுமில்ல. ரெண்டு நாள் ஒடம்பு வலி. அண்டா தூக்குனா வலிக்காதா?"

"வாசம், ருசி தெரியாமப் போச்சுங்களா?"

"இல்ல" என்று சொல்ல வாயைத் திறந்தேன்.

சர்க்கரைத் தண்ணீர் மாதிரி இறங்கிய கசாயம் ஞாபகம் வந்தது. அதே வாரம் குழம்பில் உப்பே இல்லை என்று என் மனைவி சாலம்மாளிடம் தட்டைத் தள்ளிவிட்டுச் சண்டை போட்டதும் ஞாபகம் வந்தது. கடைக்காரன் தந்தது நல்ல சரக்குதான். குழம்பிலும் உப்பு இருந்திருக்கிறது. என் நாக்குதான் செத்துக் கிடந்திருக்கிறது. ரத்தம் எடுக்கும் நாற்காலியிலேயே உட்கார்ந்துவிட்டேன்.

ருசி போன அந்த வாரத்துக்கு முந்தைய வாரம், பாஸ் இல்லாமல் மண் ரோட்டிலேயே பைக்கை விட்டு ஓமலூரில் ஒரு காதுகுத்துக்குப் போய்க் கறிச்சோறு சாப்பிட்டு வந்தேன். அது சாலம்மாளைத் தவிர யாருக்கும் தெரியாது. சுகாதாரத் துறைக்காரர்கள் வந்து கேட்டபோது நான் ஊர் எல்லையையே தாண்டவில்லை என்றேன்.

"நான் யாருக்காச்சும் குடுத்திருப்பனா கண்ணு?"

"யாரு யாருக்குக் குடுத்தாங்கன்னு ரத்தம் சொல்லாதுங்க ஐயா" என்றாள்.

ரத்தம் சொல்ல வேண்டியதில்லை. எனக்கே தெரிந்துவிட்டது. அந்த வெள்ளிக்கிழமை, ஜீவானந்தம் வருவதற்கு மூன்று நாள் முன்பு, சென்னிமலை அண்ணன் கசாயத்தை ஒரு மடக்குக் குடித்துவிட்டுத் துப்பிவிட்டார். "ஆகாதுடா தம்பி, வேண்டாம்" என்றார். "இதுல என்ன கசப்புங்கண்ணா, இங்க பாருங்க" என்று அவர் கையிலிருந்த டம்ளரை வாங்கினேன். நாங்கள் யாரும் டம்ளரில் வாய் வைத்துக் குடிப்பதில்லை, அண்ணாந்துதான் ஊற்றிக்கொள்வோம். கொதிக்கிற கசாயத்தை அப்படி ஊற்றிக்கொள்ள முடியாது. வாய் வைத்து, ஊதி ஊதி, பாதி டம்ளரைக் குடித்துக் காட்டினேன். மீதியை நானே அவர் வாயில் வைத்துக் குடிக்க வைத்தேன். அவர் என் பேச்சைத் தட்டமாட்டார்.

வெளியே வந்தபோது ஜீவானந்தம் நின்றிருந்தான். கையில் அவன் சீட்டு.

"எனக்கு இல்லைன்னு வந்திருக்குதுங்க சித்தப்பா. சிலருக்கு நாளானா கொறஞ்சும் போகுமாம், அதனால முழுசா அடிச்சுச் சொல்ல முடியாதுன்னாங்க. இருந்தாலும்..." அவன் சீட்டை மடித்தான், பிரித்தான். "இத அம்மாகிட்டக் காட்டுனா நம்புமுங்களா? நீங்க ஒரு வார்த்த சொன்னா நம்பும்."

என் மேல் அவனுக்கு இன்னும் அந்த மரியாதை இருந்தது. எனக்கு அழுகை வந்தது. பைக்கை எடுத்தேன். பயந்து ஓடினேன் என்பதுதான் உண்மை.

நேராக நங்கையா வீட்டுக்குத்தான் போனேன். என்னைக் கண்டதும் நாற்காலியைத் துடைத்துப் போட்டார். "வாங்க சாமி. நீங்க அன்னிக்குக் குடுத்த கசாயந்தான் என்னயாவது காப்பாத்துச்சு" என்றார். வரும்போதெல்லாம் சொல்வதுதான். நான் உட்காரவில்லை. எனக்கு வந்துபோயிருக்கிறது, பையனுக்கு இல்லை, என்னிடமிருந்துதான் அண்ணனுக்கு வந்திருக்கும் என்று ஒரே மூச்சில் சொன்னேன்.

நங்கையா தலையை ஆட்டினார்.

"அவன ஊட்டுக்குள்ள உடறதுக்காகப் பழிய உங்க மேல போட்டுக்கறீங்க. பெரிய மனசுங்க உங்களுக்கு."

இப்படி ஒரு அடி விழும் என்று நான் எதிர்பார்க்கவே இல்லை. நான் சொன்ன பொய்யை எல்லாம் நம்பிய மனுஷி, உண்மையைச் சொன்னால் நம்ப மறுக்கிறார்.

"நங்கையா, அன்னிக்குக் கசாயம் கசந்துச்சுங்களா?"

"கசந்துச்சாவா? ஒரு வாய்தான் வெச்சேன், கொடலே வெளிய வந்துரும்போல இருந்துச்சு. அவுரு துப்பியே போட்டாரு. நீங்கதான் பாதி டம்ளர மளமளன்னு குடிச்சீங்க."

"எனக்குக் கசக்கலைங்க. கசப்பே தெரியலைங்க. ரெண்டு பங்கு நிலவேம்பு போட்டும் தெரியல."

நங்கையாவின் கை, எனக்குப் போட்ட நாற்காலியின் மேல் அப்படியே நின்றது. படுக்கையில் கிடந்த பத்து நாளும் அவருக்கும் உப்பு, உறைப்பு எதுவும் தெரியவில்லை. அதற்கு என்ன அர்த்தம் என்று யாரும் அவருக்கு விளக்க வேண்டியதில்லை. என் வாயையே பார்த்தார். அடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"அவன் கேட்டுக்கு அக்கட்டாலதான் நின்னான்" என்றார். "தண்ணி கூடக் கேக்கல எம்பையன். அவுரு போனன்னிக்கு, அப்பன் மூஞ்சியக் கடேசியாப் பாக்கறேன்னு அழுதான். நான் செருப்பத் தூக்கிக் காமிச்சேன்."

நான் குனிந்து அவர் காலைத் தொடப் போனேன். பின்னால் நகர்ந்துகொண்டார்.

"எங்கிட்டச் சொன்னது பத்தாதுங்க. அவன அப்பனக் கொன்னவன்னு ஊருக்கே மைக்குல சொன்னீங்க. அதே மைக்குல இதயும் சொல்லுங்க. அப்பறம் அவனுக்கு நான் போன் பண்றேன்."

கோயிலுக்குப் போய் மைக் செட்டைப் போட்டேன். ஊதிப் பார்த்தேன், வேலை செய்தது. இருபது வருஷமாகப் பேசிய மைக்.

"ஊர்ப் பொதுமக்களுக்கு ஒரு அறிவிப்புங்க" என்று ஆரம்பித்தேன். எதிரே டீக்கடையில் பேச்சு நின்றது. என்ன வரி, எந்தப் பூஜை என்று கேட்கத் தயாராக எல்லோரும் திரும்பினார்கள். நங்கையாவும் தெருமுனை வரை வந்து, கையில் போனைப் பிடித்தபடி நின்றிருந்தார்.

"ஜீவானந்தம் அவங்கப்பன ஒண்ணும் பண்ணலைங்க. கொரோனாவ இந்த ஊருக்குக் கொண்டு வந்தது வெங்கடாசலமுங்க. சென்னிமலை அண்ணனுக்கு என் எச்சில் டம்ளர்ல நாந்தானுங்க குடுத்தேன்."

அதற்கு மேல் பேச முடியவில்லை. மைக்கை அணைக்கவும் மறந்துவிட்டேன். என் அழுகை எட்டுத் தெருவுக்கும் கேட்டதாம், சாலம்மாள் பிறகு சொன்னாள். தெருமுனையில் நங்கையா போனைக் காதில் வைத்திருந்தார். "சாமி, சாப்புட்டயா?" என்று கேட்டார். பிறகு அவரும் பேச முடியாமல் அங்கேயே உட்கார்ந்துவிட்டார்.